ஒரு பவுண்ட் கறி, ஐந்து தட்டு

1973 ஏப்ரல் முதல் வாரம் அமெரிக்காவில் லட்சக்கணக்கான வீடுகளில் கறி வாங்கவில்லை. அப்போது தவக்காலம் நடந்துகொண்டிருந்தது உண்மைதான். ஆனால் இது அதற்கான ஒறுத்தல் அல்ல, விலைவாசி செய்த வேலை. ஊர் ஊராகக் குடும்பப் பெண்கள் கூடிப் பேசி, ஏப்ரல் 1 முதல் 7 வரை யாரும் கறிக்கடைப் பக்கம் போவதில்லை என்று முடிவெடுத்தார்கள். கடை வாசலில் அட்டை பிடித்து நின்றார்கள். அந்த வாரம் கறி வியாபாரம் படுத்தது, வெட்டுக்கூடங்களில் ஆட்களுக்கு வேலை இல்லாமல் போனது.

அதற்கு மூன்று நாள் முன்புதான், மார்ச் 29-ஆம் தேதி இரவு, ஜனாதிபதி நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி மாட்டுக்கறி, பன்றிக்கறி, ஆட்டுக்கறி மூன்றுக்கும் உச்சவரம்பு விலை அறிவித்திருந்தார். ஏற்கெனவே ஏறி நிற்கிற விலைக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றால் யாருக்கு என்ன லாபம்? பெண்களுக்கு அந்தக் கணக்கு உடனே புரிந்துவிட்டது. கடைசியில் அந்த உச்சவரம்பும் சரியாக வேலை செய்யவில்லை. மாடு வளர்ப்பவர்கள் வரம்பு தளரட்டும் என்று மாடுகளை விற்காமல் நிறுத்திக்கொண்டார்கள். கோடையில் பல கடைகளில் மாட்டுக்கறித் தட்டு காலியாகக் கிடந்தது. செப்டம்பரில் வரம்பை எடுத்துவிட்டார்கள்.

விலை ஏன் ஏறியது என்பது பெரிய கதை. 1972-ல் சோவியத் யூனியனில் விளைச்சல் பொய்த்து, அவர்கள் அமெரிக்கச் சந்தையில் வந்து சத்தமில்லாமல் தானியத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். அமெரிக்கக் கோதுமையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அப்படிப் போனதாகக் கணக்கு. அதே வருடம் பெரு நாட்டுக் கடலில் நெத்திலி மீன் பாடு அடியோடு விழுந்தது. அந்த நெத்திலியைத்தான் காயவைத்துத் தூளாக்கிக் கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாகப் போடுவார்கள். மீன்தூள் இல்லை என்றதும் எல்லோரும் சோயாவுக்கு ஓடினார்கள், அதுவும் ஏறியது. தீவனம் ஏறினால் கறி ஏறாமல் என்ன செய்யும்? பெருவில் மீன் இல்லாததற்கும் ஒஹையோவில் ஒரு வீட்டு இரவுச் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இருந்தது. அந்த வருடங்கள் நமக்கும் மறந்திருக்காது. இங்கேயும் 1972-ல் மழை பொய்த்தது. ரேஷன் கடை வரிசையில் பையை வைத்து இடம் பிடித்த ஞாபகம் என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் இருக்கும்.

இவ்வளவும் சொல்லக் காரணம் ஓர் அட்டைப் பெட்டி.

ஒஹையோவில் மகள் வீட்டில் சில மாதங்கள் இருந்தபோது கடையில் அந்தப் பெட்டி வரிசையாக அடுக்கியிருப்பதைப் பார்த்தேன். கையுறை மாதிரி வெள்ளைக் கை ஒன்று, நாலே விரல், நடுவில் சிரிக்கிற முகம். என்ன இது என்று கேட்டேன். மருமகன் சிரித்துக்கொண்டே, "அது வேண்டாம் அத்தை, சமைக்கத் தெரியாதவங்களும் கையில காசு இல்லாதவங்களும் வாங்குறது" என்றார். அவர் நல்லவர், வேண்டுமென்று சொன்னதில்லை. அங்கே பொதுவாக எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு ஒட்டவில்லை. உட்கார்ந்து தேடிப் படித்தேன்.

ஹாம்பர்கர் ஹெல்ப்பர் என்பது அதன் பெயர். ஹாம்பர்கர் என்றால் நமக்கு இரண்டு பன்னுக்கு நடுவில் வைத்துத் தருவது. அமெரிக்க வீடுகளில் அரைத்த மாட்டுக்கறிக்கே, நம் கணக்கில் கொத்துக்கறிக்கே, அந்தப் பெயர் உண்டு. ஆக, கொத்துக்கறிக்கு ஒத்தாசை என்று பொருள் கொள்ளலாம். மினியாபொலிஸ் நகரத்து மாவுக் கம்பெனியான ஜெனரல் மில்ஸ் 1971-ல் இதை நாடு முழுக்க விற்பனைக்குக் கொண்டுவந்தது. கறி விலை அப்போதே ஏற ஆரம்பித்திருந்தது. அந்த ஆகஸ்டில் நிக்சன் 90 நாளைக்குக் கூலியையும் விலையையும் நிறுத்திவைத்தார், ஆனால் பண்ணையிலிருந்து வரும் விளைபொருளுக்கு அதில் விலக்கு. 1973-ல் கறி எட்டாக்கனியானபோது பெட்டி தயாராகக் கடையில் இருந்தது.

முதலில் ஐந்து வகை வந்தன. ஒன்று பீஃப் நூடுல்ஸ் என்ற பெயரிலேயே வந்தது. இன்னொன்றில் நூடுல்சுக்குப் பதில் உருளைக்கிழங்கு வற்றல், வேறொன்றில் அரிசி. பெட்டியைத் திறந்தால் உள்ளே பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. காய்ந்த நூடுல்ஸ், ஒரு சின்னப் பொட்டலம். பொட்டலத்தில் சோளமாவு, உப்பு, வெங்காயத்தூள், மசாலா, சுவைக்கு இன்னும் சில தூள்கள். கறி உள்ளே இல்லை, அதை நாம்தான் வாங்க வேண்டும். ஒரு பவுண்ட், அதாவது 450 கிராம் சொச்சம். வாணலியில் கறியைச் சிவக்க வதக்கி, மிதக்கிற கொழுப்பை வடித்துவிட்டு, வெந்நீரும் (சில வகைக்குப் பாலும்) நூடுல்சும் தூளும் போட்டுக் கொதிக்கவிட்டு, தீயைக் குறைத்து மூடிவைத்தால் கால் மணி நேரத்துக்குள் சாப்பாடு. ஐந்து பேருக்கு ஆகும் என்று பெட்டி சொன்னது. அதே ஒரு பவுண்டைத் தட்டையாகத் தட்டி வெறுமனே பொரித்தால் நாலு பேருக்கு ஆளுக்கொரு துண்டு வைப்பதற்குள் தீர்ந்துவிடும்.

ஒரே வாணலியில் இது எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நூடுல்சைத் தனியே வேகவைத்து வடித்தால் கஞ்சித் தண்ணீர் வீணாகப் போய்விடும். இதில் வடிப்பதே இல்லை. அளந்து ஊற்றிய தண்ணீரை நூடுல்ஸ் குடித்துக்கொள்கிறது, அது விடுகிற மாவுச்சத்து அந்தத் தண்ணீரிலேயே தங்கிக் குழம்பைக் கெட்டியாக்குகிறது. கறி வதங்கும்போது வாணலியின் அடியில் பிடித்த பழுப்பும் அதிலேயே கரைந்து இறங்கிவிடும், சுவையே அதில்தான். கழுவ ஒரு பாத்திரம் மட்டும். பாத்திரம் கழுவுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியாது.

பெட்டியின் மேல் பெட்டி கிராக்கர் என்றொரு அம்மாள் பெயர் இருக்கும். (பெட்டி அவள் பெயர், அட்டைப் பெட்டி அல்ல!) அமெரிக்கச் சமையலறைகளில் அவள் பெயர் தெரியாதவர் இல்லை. 1945-ல் ஃபார்ச்சூன் பத்திரிகை, ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு அடுத்தபடி நாட்டில் பெயர் பெற்ற பெண் இவள்தான் என்று எழுதியது. வேடிக்கை என்னவென்றால் அப்படி ஒரு பெண் பிறக்கவே இல்லை. 1921-ல் வாஷ்பர்ன் கிராஸ்பி என்ற மாவுக் கம்பெனி ஒரு புதிர்ப் போட்டி வைத்தது. விடையோடு சேர்த்துப் பெண்கள் சமையல் சந்தேகங்களையும் கட்டுக்கட்டாக எழுதி அனுப்பிவிட்டார்கள். என் ரொட்டி ஏன் உப்பவில்லை, கேக் ஏன் நடுவில் அமுங்குகிறது என்று. பதிலுக்கு ஆண்கள் கையெழுத்துப் போட்டால் எடுபடாது என்று ஓய்வுபெற்ற இயக்குநர் ஒருவரின் குடும்பப் பெயரான கிராக்கரை எடுத்து, முன்னால் பெட்டி என்று செல்லமாக ஒரு பெயர் ஒட்டினார்கள். 1924-லேயே வானொலியில் பேச ஆரம்பித்துவிட்டாள். 1928-ல் அந்தக் கம்பெனி மற்ற ஆலைகளோடு சேர்ந்து ஜெனரல் மில்ஸ் ஆனது. ஐம்பது வருடம் கழித்தும் கறி விலை ஏறிய காலத்தில் அமெரிக்கப் பெண் நம்பி வாங்கியது இல்லாத அந்த அம்மாளின் பெயரைத்தான். கடிதம் போட்டவர்களும் அவர்களுடைய சந்தேகமும் மட்டும் நிஜம்.

சரி, நூடுல்சும் மாட்டுக்கறியும் ஒன்றாய்ச் சேர்ந்தது கம்பெனி கண்டுபிடிப்பா என்றால் இல்லை. ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய விவசாயக் குடும்பங்கள் முட்டை போட்டுப் பிசைந்த நூடுல்சைக் கறிச்சாற்றில் வேகவைத்துச் சாப்பிட்டு வந்தவை. ருஷ்யாவிலிருந்து ஸ்ட்ரோகனாஃப் வந்தது. எலேனா மொலோகோவெட்ஸ் என்ற அம்மையாரின் சமையல் புத்தகத்தில், 1871 பதிப்பிலேயே, அதற்குச் செய்முறை இருக்கிறது. மாட்டுக்கறித் துண்டுகள், கடுகு விழுது, புளித்த பாலாடை, அவ்வளவுதான். காளான் எல்லாம் பின்னால் சேர்ந்தது. அமெரிக்காவுக்கு வந்ததும் அது நூடுல்ஸ் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. 1934-ல் கேம்பல் கம்பெனி காளான் சூப்பை டின்னில் அடைத்து விற்க ஆரம்பித்த பிறகு, குழம்பு கூட்டுகிற வேலையும் போயிற்று. டின்னைத் திறந்து கொட்டினால் அதுவே குழம்பு. 1937-ல் கிராஃப்ட் கம்பெனியின் மக்ரோனி, சீஸ் பெட்டி வந்தது, 19 சென்ட்டில் நாலு பேருக்கு. பஞ்சம் பிழைக்கிற காலத்தில் பிறந்த பெட்டி அதுவும்.

1960-ல் பெக் பிராக்கன் என்ற எழுத்தாளர் சமைக்கவே பிடிக்காதவர்களுக்காக ஒரு சமையல் புத்தகம் எழுதினார். முப்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது என்கிறார்கள். அதிலும் கொத்துக்கறி, நூடுல்ஸ், டின் சூப் சேர்த்து ஒரு ஏழை ஸ்ட்ரோகனாஃப் உண்டு. தினம் தினம் அடுப்படியில் நிற்பது எல்லோருக்கும் ஆனந்தம் இல்லை என்று ஒரு பெண் சிரிக்கச் சிரிக்க அச்சில் சொன்னதற்கு அவ்வளவு வாசகிகள்! அவர்கள் எல்லோரும் சோம்பேறிகளா?

இங்கேதான் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 1950-ல் அமெரிக்காவில் வேலைக்குப் போகிற, அல்லது வேலை தேடுகிற பெண்கள் நூற்றுக்கு 34 பேர். 1970-ல் 43. 1980-ல் 51 தாண்டிவிட்டது. அதாவது அந்தப் பெட்டி கடைக்கு வந்த பத்து வருடத்துக்குள் பெண்களில் பாதிக்கு மேல் சம்பள வேலைக்காரர்கள் ஆனார்கள். விலைவாசிக்கு ஒரு சம்பளம் போதவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் மாலை ஆறு மணிக்குச் சாப்பாடு எங்கே என்று கேட்கிற வழக்கம் மட்டும் 1950-லேயே நின்றிருந்தது. ஐந்தரைக்கு வீடு வந்து ஆறேகாலுக்கு ஐந்து பேருக்குச் சூடாக ஏதாவது வைக்க வேண்டிய பெண்ணுக்கு முன்னால் இரண்டு கஷ்டம் ஒன்றாக நின்றன. கையில் பணம் குறைவு, நேரமும் குறைவு. வழக்கமாகச் சிக்கனம் என்றால் நேரத்தைச் செலவழிக்க வேண்டும், எலும்பை மூன்று மணி நேரம் வேகவைக்கிற மாதிரி. நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் பணம் செலவழிக்க வேண்டும், ஹோட்டலில் வாங்குகிற மாதிரி. இரண்டையும் ஓரளவுக்குச் சேர்த்துப் பிடித்ததுதான் இந்தப் பெட்டியின் வெற்றி. நாடு முழுக்க வந்த முதல் வருடத்திலேயே நாலில் ஒரு வீட்டுக்கு மேல் வாங்கியது என்று கம்பெனி சொல்லிக்கொள்கிறது.

நானும் வேலைக்குப் போய் வந்தவள். ஆறரை பஸ்ஸில் இறங்கி, செருப்பைக் கழற்றும்போதே அரிசியைக் களைந்துவிட வேண்டும். அப்போது யாராவது அடுப்பு மேல் ஒரே பாத்திரம், கால் மணி நேரம் என்று வழி சொல்லியிருந்தால் அவருக்குக் கோயில் கட்டியிருப்பேன்.

கிண்டல் ஆரம்பித்தது எண்பதுகளில் என்று தோன்றுகிறது. 1983-ல் வந்த நேஷனல் லாம்பூன்ஸ் வெக்கேஷன் என்ற நகைச்சுவைப் படத்தில் ஓர் ஏழை உறவுக்காரர் வீட்டுக் காட்சி வரும். இதற்கு ஏன் கறிக்கு ஒத்தாசை என்று பெயர் வைத்தார்களோ, தனியாகவே நன்றாகத்தானே இருக்கிறது என்கிற பொருளில் அவர் பேசுவார். கறி வாங்கவே வழியில்லாமல் வெறும் பெட்டியை மட்டும் வேகவைத்துத் தின்கிறார்கள் என்பது நகைச்சுவை. தியேட்டர் சிரித்திருக்கும். பிறகு வசதி வந்ததும், ஃப்ரெஷ்ஷாக வாங்கிப் புதிதாய்ச் சமைப்பதுதான் நாகரிகம் என்றானதும், இந்தப் பெட்டி அலமாரியின் பின்வரிசைக்குப் போனது. உப்பு மிகுதி என்கிற குற்றச்சாட்டு நியாயமானது, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் தொட வேண்டாம். உள்ளே இருப்பதைத் தனித்தனியே வாங்கினால் இன்னும் மலிவு என்பதும் சரி. ஆனால் சமைக்கத் தெரியாதவர்கள் சாப்பாடு என்பதை நான் ஏற்க மாட்டேன். கறியை வாங்கி, வதக்கி, பக்குவம் பார்த்து இறக்குவதற்குப் பெயர் சமையல் இல்லாமல் வேறென்ன?

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கொஞ்சம் இறைச்சி, நிறைய மரச்சீனிக் கிழங்கு, ஒரே சட்டியில் மசித்துக் கிண்டிய சாப்பாடு நம் பக்கம் எத்தனை வீடுகளில் உண்டு! திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் 1880-களில் மரச்சீனியைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். 1942-ல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது அந்தக் கிழங்குதான் இந்தப் பகுதியின் உயிரைப் பிடித்து வைத்தது. ஒரு கிலோ கிழங்கில் எலும்பும் இறைச்சியுமாகக் கால் கிலோ போட்டால் எட்டுப் பேர் வயிறு நிறையும். இன்றைக்கு அதையே ஹோட்டல்களில் பாரம்பரியம் என்று வாழையிலையில் வைத்து விலை போடுகிறார்கள். அன்றைக்கு அதை இல்லாதவன் சாப்பாடு என்றவர்களும் உண்டு. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இதைப் படித்தால் ஆட்டிறைச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு மாறாது.

பெட்டியின் பிற்காலக் கதை சுருக்கம்தான். அந்த நாலு விரல் கை 1977-ல் வந்தது. 2013-ல் பெயரிலிருந்து ஹாம்பர்கரை எடுத்துவிட்டு வெறும் ஹெல்ப்பர் என்றாக்கினார்கள். கோழிக்கும் மீனுக்கும் ஏற்கெனவே தனித்தனிப் பெட்டி வந்திருந்தது. 2016 ஏப்ரல் முதல் தேதி, முட்டாள்கள் தினத்தன்று, ராப் பாட்டு இசைத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டு இளைஞர்களைச் சிரிக்கவைத்தார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன், அரை நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. 2022-ல் ஜெனரல் மில்ஸ் இந்தப் பெயரையே ஈகிள் ஃபேமிலி ஃபுட்ஸ் என்ற வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டது. இப்போது மறுபடியும் கறி விலை. வறட்சியில் மேய்ச்சல் கெட்டு, 2025 தொடக்கத்தில் அமெரிக்காவின் மாடுகளின் எண்ணிக்கை சுமார் 8 கோடியே 67 லட்சம். 1951-க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. அந்தக் கோடையில் ஒரு பவுண்ட் கொத்துக்கறி ஆறு டாலரைத் தாண்டியது.

மகள் பெட்டி வாங்குவதில்லை, ஆனால் செவ்வாய், புதன்களில் செய்வது கிட்டத்தட்ட அதைத்தான். எனக்கு உப்பு ஆகாது என்பதால் நானும் ஒன்றிரண்டு மாற்றம் சொன்னேன். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். அகலமான, மூடியுள்ள வாணலியில் அரைக் கிலோ கொத்துக்கறியை எண்ணெய் இல்லாமலே போட்டு, கிளறிக்கொண்டே இருக்காமல், அடி சிவக்கவிட வேண்டும். கறி விட்ட கொழுப்பில் ஒரு ஸ்பூன் மட்டும் நிறுத்திக்கொண்டு மீதியை வடித்துவிடுங்கள். பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு நாலு பல், பொடியாய் அரிந்து வதக்கி, ஒரு ஸ்பூன் மைதா தூவிப் பச்சை வாசனை போகக் கிளறவும். மூன்று கப் வெந்நீர், தக்காளி விழுது ஒரு ஸ்பூன், குறைத்து உப்பு, கை நிறைய மிளகுத்தூள். இருநூறு கிராம் முட்டை நூடுல்ஸ், கிடைக்காவிட்டால் மக்ரோனி, போட்டு அமுக்கி மூடி, சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். நடுவில் இரண்டு தடவை அடியிலிருந்து புரட்ட வேண்டும், தண்ணீர் போதாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். அடுப்பை அணைத்த பிறகுதான் அரை கப் கெட்டித் தயிர். கொதியில் ஊற்றினால் திரிந்துவிடும். மேலே கொத்தமல்லித் தழை.

மிச்சமானால் காலையில் இறுகிப்போயிருக்கும். இரண்டு கரண்டி பால் விட்டுச் சூடாக்கினால் இளகிவிடும்.